மொட்டைமாடியிலிருந்து பறவை நோக்கல்

கொரோனா தொற்றைத் தடுக்க 2020 மார்ச் 25 அன்று இந்தியாவில் தொடங்கிய ஊரடங்கு, நான்கு கட்டங்களாக மே 31 வரை நீண்டது. ஏரிக்கரைக்கும் காட்டுக்கும் போக வழியில்லாத அந்த 68 நாள்களில் பறவை நோக்கல் என்னும் பொழுதுபோக்கு முடங்கிப்போயிருக்க வேண்டும். ஆனால் நடந்தது வேறு. வேடந்தாங்கலுக்கும் பள்ளிக்கரணைக்கும் போய்வந்துகொண்டிருந்தவர்கள் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். காக்கை, மைனா, குயிலுக்கு மேல் ஒரு பறவையின் பெயரும் தெரியாதவர்கள் சன்னலோரத்தில் நின்று கவனிக்கத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு மே 9 அன்று நடந்த உலகப் பெரும் பறவை நாளில் 50,000 பேருக்கு மேல் கலந்துகொண்டு, 1,20,000-க்கும் மேற்பட்ட பறவைப் பட்டியல்களை ஈபேர்ட் தளத்தில் பதிவேற்றினார்கள். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002-இல் தொடங்கிய அந்தத் தளம் அதுவரை ஒரே நாளில் அத்தனை பேரைக் கண்டதில்லை.

வீட்டைச் சுற்றியுள்ள பறவைகளைப் பார்த்தே அறிவியல் செய்ய முடியும் என்பது பழைய செய்திதான். இங்கிலாந்தின் செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் வைட், பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்த மூன்று கதிர்க்குருவிகளை அவற்றின் பாட்டைக் கொண்டு மூன்று தனி இனங்கள் என்று பிரித்தறிந்தார். அவருடைய நூல் வெளிவந்தது 1789-இல். சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996-இல் மறையும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். காக்கையும் அணிலும் வீட்டுத் தோட்டமும் அவருக்குப் புலிக்கும் யானைக்கும் குறைந்த பொருள்களாக இருக்கவில்லை.

ஊரடங்கு நாள்களில் எங்கும் அடிபட்ட பேச்சு ஒன்று உண்டு: பறவைகள் பெருகிவிட்டன என்பது. இதை அப்படியே ஏற்பதற்கில்லை. கூடு கட்டி, முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பறக்கும் நிலைக்கு வரச் சிறு குருவிக்கே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஊரடங்கு தொடங்கிய முதல் வாரத்திலேயே தொகை பெருக வாய்ப்பில்லை. நவி மும்பையின் நீர்நிலைகளில் இளஞ்சிவப்புப் போர்வை விரித்ததுபோல் பூநாரைகள் நிற்கும் படங்கள் 2020 ஏப்ரலில் கைபேசிகளில் சுற்றின. மனிதர்கள் ஒதுங்கியதும் பறவைகள் வந்துவிட்டன என்று அவற்றுக்கு விளக்கம் எழுதப்பட்டது. ஆனால் அங்குள்ள தாணே கழிமுகத்துக்குப் பூநாரைகள் ஆண்டுதோறும் குளிர்காலத் தொடக்கத்தில் வந்து, மே மாதம் வரை தங்குகின்றன. ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது அவை ஏற்கெனவே அங்கேதான் இருந்தன. வெனிஸ் கால்வாயில் டால்பின் நீந்தியதாகப் பரவிய பொய்ச் செய்தியோடு ஒப்பிட்டால் இது பாதியாவது உண்மை என்று சொல்லலாம்.

பறவைகள் கூடவில்லை என்றால் கூடியதாகப் பலருக்கும் ஏன் தோன்றியது? அதற்கு முதல் காரணம் ஒலியியலில் இருக்கிறது. திறந்த வெளியில் ஓர் ஒலி கடக்கும் தொலைவு இரட்டிப்பானால் அதன் வலு சுமார் 6 டெசிபெல் குறையும். நகரத்தில் பறவையின் குரல் கேட்காமல் போவதற்கு அது மெலிவது மட்டும் காரணமில்லை. லாரி, பேருந்து, ஜெனரேட்டர், கட்டுமான எந்திரம் ஆகியவற்றின் இரைச்சல் அதை மூழ்கடித்துவிடுகிறது. அந்தப் பின்னணி இரைச்சல் 6 டெசிபெல் குறைந்தால், முன்பு 50 மீட்டர் வரை கேட்ட குரல் 100 மீட்டர் வரை கேட்கும். ஆரம் இரட்டிப்பானால் வட்டத்தின் பரப்பு நான்கு மடங்காகும். எனவே ஒரு பறவைகூடப் புதிதாக வராமலே, மாடியில் நிற்பவரின் காதுக்கு எட்டும் பறவைகள் நான்கு மடங்காகிவிடும். தெருவில் வண்டி இல்லாத காலையில் நாலாவது தெரு வேப்பமரத்துக் குயில் பக்கத்து வீட்டில் கூவுவதுபோல் கேட்டதற்கு இதுவே கணக்கு.

நகர இரைச்சலின் பெரும்பகுதி தாழ்ந்த சுருதியில் அமைந்தது. அதனால் பறவைப் பாட்டின் கீழ்ப்பகுதிதான் முதலில் அடிபடும். கூச்சலுக்கு நடுவே பேசுபவர் தம்மையறியாமல் குரலை உயர்த்துகிறார் என்பதை 1911-இல் பிரெஞ்சு மருத்துவர் எதியேன் லொம்பார் விளக்கினார். பறவைகளும் அதையே செய்கின்றன. உரக்கப் பாடுகின்றன, சில இனங்கள் சுருதியையும் மேலே ஏற்றிக்கொள்கின்றன. இரைச்சல் நின்றால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க ஒரு முழு நகரத்தை நிறுத்துவது எந்த ஆய்வாளராலும் ஆகாத காரியம். 2020-இல் அது தானாகவே நடந்தது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வெண்முடிச் சிட்டுகளின் பாட்டைப் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்துவந்த எலிசபெத் டெரிபெரியின் குழு, ஊரடங்கில் அதே இடங்களில் மீண்டும் பதிவுசெய்தது. கோல்டன் கேட் பாலத்தில் போக்குவரத்து 1950-களின் நடுப்பகுதியில் இருந்த அளவுக்கு இறங்கியிருந்தது. சிட்டுகள் முன்பைவிட மெல்லப் பாடின. ஆனாலும் அவற்றின் பாட்டு முன்பைவிட இரண்டு மடங்கு தொலைவுக்கு எட்டியது. பல தலைமுறைகளாக இரைச்சலுக்கு விட்டுக்கொடுத்திருந்த தாழ்ந்த சுருதிகளும் பாட்டில் திரும்ப வந்தன. 2020-இல் சயின்ஸ் இதழில் வெளிவந்த இந்த ஆய்வு, ஊரடங்குக் காலப் பறவை ஆய்வுகளில் மிகத் தெளிவான ஒன்று. பல தலைமுறைகளாகப் பழகிய குரலைச் சில வாரங்களில் மாற்றிக்கொள்ளப் பறவையால் முடிகிறது என்று அது காட்டியது.

இரண்டாவது காரணம் பருவம். மார்ச் முதல் மே வரையிலான காலம் தமிழ்நாட்டில் பல பறவைகள் இணைசேர்ந்து, எல்லை வகுத்து, கூடு கட்டும் காலம். பாட்டு என்பது பெரும்பாலும் ஆண் பறவையின் எல்லை அறிவிப்பும் பெண்ணுக்கான அழைப்பும்தான். ஆண்டின் மற்ற மாதங்களில் அதிகம் பாடாத குண்டுக்கரிச்சான், இந்தக் காலத்தில் கிழக்கு வெளுக்கும் முன்பே தொலைக்காட்சி ஆன்டெனா மேல் உட்கார்ந்து சீட்டியடிக்கத் தொடங்கிவிடும். விடியலில் காற்று அடங்கியிருப்பதால் குரல் சிதறாமல் போகிறது. இரை தேட வெளிச்சம் போதாத நேரம் என்பதால் பாடுவதால் இழப்பும் இல்லை.

குயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதிகம். கூவுவது ஆண் குயில். கருத்த உடலும் சிவந்த கண்ணும் கொண்டது. பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் தெளித்த பெண், 'கிக்-கிக்-கிக்' என்று விரைவாகக் கத்துமே தவிரக் கூவாது. நம் பாட்டுகளில் கூவும் பெண் குயில்களை எல்லாம் இனி திருத்த முடியாது, போகட்டும். காக்கை கூடு கட்டும் மரத்தைச் சுற்றியே குயிலின் நடமாட்டம் இருக்கும். ஆண் குயில் கண்ணில் படும்படி வந்து கூவ, காக்கைகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடும் இடைவெளியில் பெண் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிடும். குயில் முட்டை காக்கை முட்டைக்குச் சில நாள் முன்பே பொரிந்துவிடுவதால் குயில் குஞ்சுக்கு உணவில் முதல் உரிமை கிடைக்கிறது. மாடியில் நாள்தோறும் ஒரே நேரத்தில் நிற்பவருக்கு இந்தத் துரத்தல் பலமுறை காணக் கிடைக்கும். ஏரிக்கரைக்கு மாதம் ஒருமுறை போய்வருபவருக்கு அது கிடைப்பது அரிது.

'டொங், டொங், டொங்' என்று நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் விடாமல் கேட்கும் ஒலி செம்மார்புக் குக்குறுவானுடையது. இலை நிறத்தில், சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய, நெற்றியும் மார்பும் சிவந்த பறவை. குரல் தெளிவாகக் கேட்டாலும் பறவை கண்ணில் படாது. ஒவ்வொரு 'டொங்'குக்கும் அது அலகைத் திறப்பதில்லை. தொண்டை மட்டும் புடைத்து அடங்கும். தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே ஒலிப்பதால் குரல் எங்கிருந்து வருகிறது என்று காதால் பிடிக்க முடிவதில்லை. அரசமரம், ஆலமரத்தின் உச்சியில் இலையில்லாத பட்ட கிளையைத் தேடினால் பெரும்பாலும் அகப்படும். தரையிலிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு அது வானத்தின் பின்னணியில் ஒரு கரும்புள்ளி. இரண்டாம் மாடியில் நிற்பவருக்கோ கண் மட்டத்தில், நிறங்களோடு தெரியும். மொட்டைமாடியின் பெரிய வசதி இதுதான்.

இன்னொரு பக்கம் வலசைப் பறவைகள் ஊரைவிட்டுப் புறப்படும் காலமும் இதுவே. முருங்கையிலும் செம்பருத்திப் புதரிலும் 'டக்... டக்...' என்று குரல் மட்டும் கொடுத்துக்கொண்டு ஒளிந்து திரியும் நாணல் கதிர்க்குருவி, குளிர்காலத்தைத் தென்னிந்தியாவில் கழித்துவிட்டு இனப்பெருக்கத்துக்கு ரஷ்யா வரைக்கும் போகிறது. ஏப்ரலில் ஏதோ ஒரு நாளோடு அந்த 'டக்' நின்றுவிடும். நின்ற நாளைக் குறித்துவைப்பது சின்ன வேலை. ஆனால் பல ஊர்களில் பல ஆண்டுகள் குறிக்கப்பட்டால், வலசைக் காலம் நகர்கிறதா என்பதற்கு அதுவே சான்றாகும்.

மூன்றாவது காரணம், ஊரடங்கு கொடுத்த தொடர்ச்சி. ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஒன்று பால்கனிக் கொடிக்கயிற்றில் கூடு கட்டுவதாகக் கொள்வோம். முதலில் தெரிவது கயிற்றில் சுற்றிய சிலந்தி நூல் மட்டுமே. அடுத்த நாள்களில் நார், காய்ந்த புல், மரப்பட்டைத் துணுக்கு, கம்பளிப்பூச்சியின் எச்சம் என்று சேர்ந்து, காற்றில் பறந்துவந்து மாட்டிக்கொண்ட குப்பைபோல் ஒன்று தொங்கும். எதிரியின் கண்ணுக்குக் குப்பையாகத் தெரிவதே அதன் பாதுகாப்பு. பக்கவாட்டில் வாசலும், வாசலுக்கு மேலே சிறு இறவாரமும் இருக்கும். கட்டுமானத்தில் பெரும்பங்கு பெண்ணுடையது. கழுத்து வெளிறி, வயிறு மஞ்சளாக இருப்பதைக் கொண்டு அதை அறியலாம். பளபளக்கும் ஊதாத் தொண்டையும் செம்பழுப்பு முதுகும் கொண்ட ஆண் பெரும்பாலும் கூடவே பறந்து மேற்பார்வை செய்யும். முட்டைகள் இரண்டு. இரண்டு வாரங்களுக்குச் சற்று மேல் அடைகாத்ததும் குஞ்சுகள் வெளிவரும். அவற்றுக்கு இரைதேட ஆணும் உதவும். தேன்சிட்டு என்ற பெயர் இருந்தாலும் குஞ்சுக்குத் தேன் ஊட்டப்படுவதில்லை. வளர்ச்சிக்குப் புரதம் வேண்டும் என்பதால் சிறு பூச்சிகளும் சிலந்திகளும்தான் உணவு. அடுத்த இரண்டரை வாரங்களில் கூடு காலியாகும். அலுவலகம் போய்வருபவர் இதில் ஏதாவது ஒரு காட்சியை ஞாயிற்றுக்கிழமை பார்த்திருப்பார். 68 நாள்கள் வீட்டில் இருந்தவர் தொடக்கம் முதல் இறுதி வரை பார்த்திருக்க முடியும். படம் எடுக்கக் கூட்டின் அருகே போய் நிற்பது மட்டும் கூடாது. மனிதர் நின்ற இடத்தைக் காக்கையும் செண்பகமும் கவனித்துக்கொண்டிருக்கும்.

வெயில் ஏறிய பின்னும் மாடியில் வேலை உண்டு. காலை ஒன்பது, பத்து மணிக்குத் தரை சூடாகி வெப்பக்காற்று மேலெழும்போதுதான் இரைவாரிப் பறவைகள் சிறகடிக்காமல் வட்டமிட்டு உயரே போகும். வால் நடுவில் பிளவுபட்டிருந்தால் கள்ளப்பருந்து. வால் வட்டமாக, தலை வெள்ளையாக, உடல் செங்கல் நிறமாக இருந்தால் செம்பருந்து. பனைமரங்களைச் சுற்றிக் கீச்சிட்டுப் பறக்கும் மெலிந்த பறவை பனை உழவாரன். அணில்கள் ஒரேயடியாகக் கத்தி, தவிட்டுக்குருவிகள் கூட்டமாக ஒரு கிளையைப் பார்த்துக் கூச்சலிட்டால் அங்கே வல்லூறு ஒளிந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இவ்வளவுக்கும் கருவி அவசியமில்லை. வாங்கத்தான் வேண்டும் என்றால் 8×42 பைனாகுலர் போதும். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது, முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 10 மடங்கு, 12 மடங்கு என்று போனால் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெருகும். பைனாகுலரைவிட முக்கியமானது குறிப்பேடு. ஒரே இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணால் கண்டதும் காதால் கேட்டு அடையாளம் தெரிந்ததுமான எல்லா இனங்களையும், அவற்றின் எண்ணிக்கையோடு எழுதுவதே முறை. காக்கையையும் புறாவையும் விட்டுவிடக் கூடாது. எதையும் விடாத பட்டியலில்தான் 'இல்லை' என்பதற்கும் பொருள் உண்டு. சிட்டுக்குருவி பட்டியலில் இல்லையென்றால் அந்த 15 நிமிடத்தில் அது அங்கே கண்ணில் படவில்லை என்று அறியலாம். நூறு முழுப் பட்டியல்களில் எத்தனையில் ஓர் இனம் இருக்கிறது என்ற விகிதம், ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைக் கொண்டே அந்த இனத்தின் நிலை கணிக்கப்படுகிறது.

இப்படிச் சாதாரண மக்கள் அனுப்பிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு, ஊரடங்குக்கு ஒரு மாதம் முன்பு, 2020 பிப்ரவரியில் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கை வெளியானது. 867 இனங்களை ஆராய்ந்த அந்த அறிக்கை, சிட்டுக்குருவி நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் 25 ஆண்டுகளாக ஏறக்குறைய நிலையாக இருப்பதாகவும், பெருநகரங்களில்தான் குறைந்திருப்பதாகவும் காட்டியது. கைபேசிக் கோபுரங்களே காரணம் என்ற பேச்சுக்கு அறிவியல் ஆதாரம் கிடைக்கவில்லை. 2023-இல் வந்த அடுத்த அறிக்கை மூன்று கோடிப் பதிவுகளையும் 942 இனங்களையும் உள்ளடக்கியது.

ஆனால் ஊரடங்குப் பட்டியல்களைப் பயன்படுத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. முந்தைய ஆண்டுகளில் பறவை ஆர்வலர்கள் காட்டுக்கும் நீர்நிலைக்கும் போய்ப் பட்டியலிட்டார்கள். 2020-இல் வீட்டிலிருந்து பட்டியலிட்டார்கள். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் வாத்துகள் குறைந்து மைனாக்கள் பெருகியதாகத் தோன்றும். மாறியது பறவையா, பார்ப்பவரா என்று பிரிக்காமல் முடிவு சொல்ல முடியாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 82 இனங்களைப் பற்றிய 43 லட்சம் பதிவுகளை இத்தகைய வேறுபாடுகளைக் களைந்து ஆராய்ந்த ஒரு குழு, 2021-இல் தன் முடிவை வெளியிட்டது. 66 இனங்களின் எண்ணிக்கை ஊரடங்குப் பகுதிகளில் மாறியிருந்தது. பெரும்பாலானவை நகரங்களுக்கும் சாலைகளுக்கும் விமான நிலையங்களுக்கும் அருகில் கூடின. எல்லாம் கூடவில்லை. சாலையோரத்தில் செவ்வால் பருந்து குறைந்தது. வண்டியில் அடிபட்டுச் சாகும் விலங்குகள் குறைந்தது அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆகவே பறவைகள் பெருகாவிட்டாலும் சில இடம் மாறின என்பது உண்மை.

மனிதர் ஒதுங்கினால் பறவைக்கு நன்மைதான் என்ற எண்ணத்தைப் பால்டிக் கடலில் உள்ள ஸ்வீடனின் ஸ்டோரா கார்ல்சோ தீவு குலைத்தது. சுற்றுலாப் பயணிகள் வராததால் 2020-இல் அங்கே வெண்வால் கடற்கழுகுகள் அச்சமின்றி நடமாடின. அவற்றைக் கண்டு மிரண்டு, பாறை விளிம்புகளில் அடைகாக்கும் மர் பறவைகள் மீண்டும் மீண்டும் பறந்துபோக, முட்டைகள் உருண்டும் களவுபோயும் அழிந்தன. அந்த ஆண்டு இனப்பெருக்கம் 26 விழுக்காடு குறைந்தது. மனிதரின் வருகை அந்தப் பறவைகளுக்குக் காவலாக இருந்துவந்திருக்கிறது என்பது அதனால் தெரிந்தது.

பறவை நோக்குபவரின் மனத்துக்கு என்ன நடக்கிறது என்பதும் அளக்கப்பட்டிருக்கிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 1,292 பேரின் மனநிலையைக் கைபேசிச் செயலி வழியாக அவ்வப்போது கேட்டறிந்து, பறவையைப் பார்த்த அல்லது கேட்ட வேளைகளில் மனநலம் மேம்படுவதையும், அது சில மணி நேரம் நீடிப்பதையும் 2022-இல் வெளியிட்டனர். மனச்சோர்வு உள்ளவர்களிடமும் இது காணப்பட்டது.

வீட்டிலிருந்து பறவை நோக்குபவர் அவற்றுக்குச் செய்யக்கூடிய உதவி தண்ணீர் வைப்பது. இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் ஆழமில்லாத மண்தட்டில், நிழலில், பூனை பதுங்க இடமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். டெங்கு பரப்பும் கொசு இத்தகைய தெளிந்த நீரில்தான் முட்டையிடும் என்பதால் தினமும் கொட்டித் தேய்த்துக் கழுவி மாற்றுவது கட்டாயம். தானியம் இறைப்பது வேறு கதை. நகரத்தில் இறைத்த தானியத்தால் பெருகுவது பெரும்பாலும் மாடப்புறாதான். அது பெருகுவதால் வேறெந்தப் பறவைக்கும் பயனில்லை. அந்தச் செலவில் ஒரு செம்பருத்தியோ இட்லிப்பூச் செடியோ வைத்தால் தேன்சிட்டும், அகன்ற இலைச் செடி வைத்தால் இலையைத் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டும் வரும்.

ஊரடங்கு முடிந்து வண்டிகள் ஓடத் தொடங்கியதும் குரல் கேட்கும் வட்டம் பழைய அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆனால் மாடியில் நின்று பறவை நோக்க ஊரடங்கு தேவையில்லை. தமிழ்நாட்டில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. கலந்துகொள்ளக் கட்டணமோ தகுதியோ கிடையாது. 15 நிமிடமும் ஒரு மொட்டைமாடியும் இருந்தால் போதும். பெயர் தெரிந்த பறவைகள் பத்துக்குள் இருந்தாலும், அந்தப் பட்டியலை அனுப்பலாம்.